மெல்லிய ஆயில் என்ஜினைத் தேய்த்துவிடுமா?

வாகனப் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார் வாங்கும்போது பார்க்க வேண்டியவை குறித்துச் சென்ற மாதம் எழுதியபோது, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள கிரேடு ஆயிலையே ஊற்றுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் என்ஜின் ஆயிலின் பாகுநிலைக்கும் (அது எவ்வளவு கெட்டி என்பதற்கும்) என்ஜின் தேய்மானத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு புதிய பெட்ரோல் கார் வாங்கினேன். கையேட்டில் 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயில் என்று போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "இது தண்ணி மாதிரி இருக்கு சார், நம்ம ஊர் வெயிலுக்கு என்ஜினைத் தின்னுடும், 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. யாரை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையால் பிரித்துக் கோத்த பல நூறு என்ஜின்களுக்கு அந்த அறிவுரை சரியாகவே இருந்திருக்கும். உங்கள் என்ஜின் வேறு விதமாக அமைக்கப்பட்டது என்பதால்தான் அது இங்கே பொருந்தாமல் போகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே 20 முதல் 50 மைக்ரான் வரை இடைவெளி இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தச் சிறிய இடைவெளியில் ஷாஃப்ட் உலோகத்தைத் தொடாமல் ஆயிலின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது; மிதக்கும் வரை அங்கே தேய்மானம் ஏறத்தாழ இல்லை. மிதக்க வைப்பது ஆயில் பம்பின் அழுத்தம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 1883-ல் இங்கிலாந்தில் பேரிங்குகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்த பீச்சம் டவர் என்ற பொறியாளர், பேரிங்கின் மேற்பகுதியில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். பிறகு மரக்கட்டையை அடித்து இறுக்கினார். இரண்டையும் ஆயில் வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மேலிருந்த சராசரிப் பளுவைக் காட்டிலும் இரு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் தெரிந்தது. சுழலும் ஷாஃப்டே ஆயிலை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் சென்று அந்த அழுத்தத்தை உண்டாக்கியிருந்தது. 1886-ல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆயில் படலத்தின் தடிமன் ஆயிலின் பாகுநிலை, சுழலும் வேகம், மேலிருக்கும் பளு ஆகியவற்றைப் பொறுத்தது என்பது அந்த விளக்கத்திலிருந்து கிடைப்பது. பாகுநிலை கூடினால் படலம் தடிக்கும். இந்த அளவில் உங்கள் மெக்கானிக் சொல்வது விஞ்ஞானப்படியும் சரியே.

ஆனால் எந்த வெப்பத்தில் உள்ள பாகுநிலை என்று கேட்டாக வேண்டும். டப்பாவில் கடைசியாக இருக்கும் 20, 50 போன்ற எண்கள் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எப்படி ஓடுகிறது என்பதைக் குறிப்பவை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் ஜே300 தரவரிசைப்படி 20 கிரேடு ஆயில் அந்த வெப்பத்தில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) வரையிலும், 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கலாம். பேரிங்குக்குள் ஆயில் இன்னும் சூடாகி, மிக வேகமாக நசுக்கப்படுகிறது. அதைப் போலச் செய்து காட்டும் 150 டிகிரிச் சோதனையில் 20 கிரேடுக்கு 2.6 சென்டிபாய்ஸும் (பாகுநிலையின் இன்னோர் அலகு) 50 கிரேடுக்கு 3.7 சென்டிபாய்ஸும் குறைந்தபட்ச அளவுகள். வெளியில் வெயில் 40 டிகிரி என்பதால் பேரிங்கின் வெப்பம் அதே அளவு கூடிவிடுவதில்லை. குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஒரு நிலையில் வைத்திருப்பதால், வழக்கமான ஓட்டத்தில், என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் 90 – 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆக, வேலை செய்யும் சூட்டில் இரண்டு ஆயில்களுக்கும் உள்ள வேற்றுமை நீங்கள் கையில் தொட்டுப் பார்க்கும்போது தெரிவதைவிடச் சிறியது. 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில் ஏறத்தாழ நான்கு மடங்கு கெட்டி. "தண்ணி மாதிரி" என்று தோன்றுவது இதனால்தான்.

கெட்டியான ஆயிலை ஊற்றினால் கிடைக்கும் தடித்த படலத்துக்கு விலையும் உண்டு. கெட்டி ஆயில் நசுங்கும்போது தானே அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. குறுகிய இடைவெளி வழியாக அது குறைவாகவே ஓடுவதால் அந்தச் சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும் குறைகிறது. சூடேறினால் பாகுநிலை இறங்கி, கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஆயில் பிரஷர் கூடுவதைப் பார்த்து மகிழ்வோரும் உண்டு. பிரஷர் கூடுவது பெரும்பாலும் ஆயில் எளிதில் போகவில்லை என்பதற்கான அடையாளம். ஒரு அளவைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலைத் திரும்பவும் சம்ப்புக்கே அனுப்பிவிடும். மேலும் உங்கள் காரில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி ஆயிலின் ஓட்டத்தால்தான் இயங்குகிறது. கெட்டி ஆயிலில் அது சோம்பி நிற்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் மெல்லிய ஆயிலுக்கு மாறியது உங்கள் என்ஜின் நூறாண்டு வாழ வேண்டும் என்பதற்காக மட்டும் அன்று. ஆயிலைக் கலக்கிக்கொண்டு சுழல்வதில் வீணாகும் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டிய சட்ட நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது. இந்தியாவிலும் 2017 முதல் அத்தகைய விதிகள் நடைமுறையில் உள்ளன. மெல்லிய படலத்தைத் தாங்குவதற்காகவே ஷாஃப்டின் மேற்பரப்பை மேலும் வழவழப்பாக்குகிறார்கள், சில என்ஜின்களில் பேரிங்கின் மேல் பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். அப்படி அமைத்த என்ஜினுக்கு 0டபிள்யூ-20 போதும். ஆனால் படலம் மெல்லியதாக இருப்பதால், ஆயில் அளவு குறைந்தாலோ மாற்றும் தேதி தள்ளிப்போனாலோ பொறுத்துக்கொள்ளும் அவகாசமும் சிறியது. உங்கள் கையேட்டில் 0டபிள்யூ-20 தவிர 5டபிள்யூ-30 என்றும் குறிப்பிட்டிருந்தால், நீங்கள் முழுச் சுமையோடு அடிக்கடி மலை ஏறுகிறவர் என்றால் 5டபிள்யூ-30 ஊற்றுவதை நானே பரிந்துரைப்பேன். 20டபிள்யூ-50 வேண்டாம்.

கேள்வி: 15டபிள்யூ-40 மினரல் ஆயிலும் 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயிலும் இரண்டுமே "40" என்றுதான் முடிகின்றன. விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. தேய்மானத்தைப் பொறுத்தவரை கூடுதல் பணம் எதற்காக?
– வாசகி, திருச்சி

பதில்: கூர்மையான கேள்வி. புதிதாக ஊற்றிய நாளில், சூடான என்ஜினில், இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிமன்தான். இன்னும் சொன்னால், 150 டிகிரிச் சோதனையில் 15டபிள்யூ-40 ஆயிலுக்குத் தரவரிசை கேட்கும் குறைந்தபட்சம் 3.7, 5டபிள்யூ-40 ஆயிலுக்கு 3.5 போதும். ஆகவே சிந்தெடிக் என்றாலே தடித்த படலம் என்று எண்ணிவிடக் கூடாது.

வேற்றுமை இரண்டு இடங்களில் தெரியும். முதலாவது, வெப்பம் மாறும்போது பாகுநிலை எவ்வளவு மாறுகிறது என்பது. மினரல் ஆயில் சூட்டில் வெகுவாக இளகிவிடும் இயல்புடையது. அதைத் தடுக்க நீண்ட பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். இவை குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிந்து ஆயிலைக் கெட்டிப்படுத்தும். ஆனால் பேரிங்கிலும் பல்சக்கரங்களிலும் நசுங்கி நசுங்கி இந்த நீண்ட மூலக்கூறுகள் நாளடைவில் அறுந்துபோகின்றன. அறுந்தபின் ஆயில் தன் கிரேடிலிருந்தே கீழே இறங்கிவிடலாம். சிந்தெடிக் அடிப்படை ஆயில் இயல்பாகவே வெப்பத்துக்கு அதிகம் அசையாதது என்பதால் குறைந்த பாலிமரே போதும், அறுந்து இழப்பதும் குறைவு. இரண்டாவது, ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் தாக்குப்பிடிக்கும் திறனும் ஆவியாகிக் குறையாமல் இருக்கும் தன்மையும். கெட்டுப்போன ஆயில் தடித்துக் கசடாகி, சிறு வழிகளை அடைக்கும். அப்போது ஏற்படும் தேய்மானத்துக்குக் காரணம் பாகுநிலை கூடியது, குறைந்தது அன்று.

சிந்தெடிக் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு அது பி.ஏ.ஓ. எனப்படும், வேதிமுறையில் கட்டியெழுப்பிய ஆயிலைத்தான் பெரும்பாலும் குறித்தது. கச்சா எண்ணெயிலிருந்து கடுமையான ஹைட்ரஜன் சுத்திகரிப்பில் கிடைக்கும் மூன்றாம் பிரிவு ஆயிலையும் அப்பெயரில் விளம்பரம் செய்யலாம் என்று 1999-ல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பாயம் ஒன்று ஏற்றுக்கொண்டது. இன்று கடையில் கிடைக்கும் சிந்தெடிக் டப்பாக்களில் பெரும்பகுதி இந்த வகையே. அது தாழ்ந்த சரக்கு அன்று. டர்போ இல்லாத பழைய என்ஜினில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறவருக்கு நல்ல மினரல் ஆயிலே போதும். டர்போ உள்ள வண்டியிலும், 10,000 கிலோமீட்டர் இடைவெளி விடும் வண்டியிலும் சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கேள்வி: இங்கே ஜனவரியில் காலை வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குப் போய்விடுகிறது. 0டபிள்யூ-20 ஊற்றுகிறேன். சென்னையில் இருக்கும் தம்பியின் காருக்கும் அதே ஆயில்தானாம். பனியே இல்லாத ஊரில் அந்தப் பூஜ்யம் எதற்கு?
– வாசகர், ஸ்கார்பரோ, டொரொண்டோ

பதில்: டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன் உள்ள எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுற்றிவிட முடியும், பம்ப் ஆயிலை உறிஞ்ச முடியும் என்று பொருள். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். உங்கள் ஊரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஜனவரிக் காலையில் அது பம்புக்கே வந்து சேராமல், பேரிங்குகள் வறண்டு சுழலும் அபாயம் உண்டு; அது சில நிமிடங்களில் என்ஜினை அழிக்கக்கூடிய தேய்மானம்.

சென்னையில் டிசம்பர் விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அந்த அபாயம் அங்கே இல்லை. உங்கள் தம்பிக்கு அந்தப் பூஜ்யத்தால் கிடைப்பது சிறிய நன்மை: இரவெல்லாம் நின்ற வண்டியை எடுக்கும்போது ஆயில் மேலே உள்ள, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குச் சற்று விரைவாகப் போய்ச் சேரும். அவர் கையேடு 5டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலையும் அனுமதித்தால், சென்னையில் எதை ஊற்றினாலும் குறையொன்றும் நேராது.

கேள்வி: பள்ளி வீட்டிலிருந்து இரண்டே கிலோமீட்டர். காரில் போய்வருகிறேன்; ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. 10,000 கிலோமீட்டர் ஆகாததால் இரண்டு ஆண்டுகளாக ஆயில் மாற்றவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையவே இல்லை, சற்றுக் கூடியதுபோலவும் தெரிகிறது. நல்லதுதானே?
– ஆசிரியை, நெய்வேலி

பதில்: இல்லை அம்மா, தயவுசெய்து இந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஊற்றாமல் ஆயில் தானாக அதிகரிக்க முடியாது. கூடியிருப்பது பெட்ரோலாக இருக்கக்கூடும்.

குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்பில் இறங்குகிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்து அதே வழியில் சேர்கிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி இவ்விரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் ஆயிலுக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. பெட்ரோல் கலந்த ஆயில் இளகுகிறது: 30 கிரேடாக ஊற்றியது 20 கிரேடாக இறங்கிவிடுவது அரிதன்று. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் இது இன்னும் அதிகம். இதோடு சிலிண்டர் சுவர் குளிர்ந்தே இருப்பதால் அங்கே நீர் படிந்து அமிலங்களோடு சேர்ந்து அரிக்கவும் செய்கிறது. குறைவாக ஓடும் வண்டி குறைவாகவே தேயும் என்ற நம்பிக்கையில்தான் பலர் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். ஓடிய கிலோமீட்டரில் கணக்கிட்டால் உங்கள் என்ஜின் பேருந்து நிலைய டாக்சியைவிட வேகமாகத் தேய்ந்துகொண்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதோடு, வாரம் ஒருநாள் கடலூர் வரையோ விருத்தாசலம் வரையோ நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். கெட்டி கிரேடுக்கு மாறுவது இதற்கு மருந்தாகாது.

கேள்வி: பி.எஸ்.4 டீசல் டாக்சி, 2,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 5டபிள்யூ-30 ஊற்றினால் 2,000 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் குறைகிறது. கையேட்டில் 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் இருக்கின்றன. மாற்றலாமா?
– டாக்சி ஓட்டுநர், சென்னை

பதில்: கையேடே அனுமதிப்பதால் தயங்காமல் 40 கிரேடுக்கு மாறலாம். 2,80,000 கிலோமீட்டரில் பேரிங்குகளின் இடைவெளி விரிந்திருக்கும்; விரிந்த இடைவெளிக்குச் சற்றுக் கெட்டியான ஆயில் படலத்தைக் காப்பாற்றித் தரும், ரிங்குகளைக் கடந்து எரிவதும் ஓரளவு குறையும். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் இதே ஆயிலில் மிதப்பதால் உங்களுக்கு 5டபிள்யூ-40 சிந்தெடிக்கையே சொல்வேன். நீண்ட ஓட்டம் முடிந்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிடமாவது ஐடிலில் விடுங்கள்.

ஆனால் இது தேய்ந்ததைத் திரும்பத் தராது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீல். பளுவோடு ஏறும்போது தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரிங் அல்லது டர்போ. கம்ப்ரஷன் சோதித்த பிறகு செலவை முடிவு செய்யுங்கள். பி.எஸ்.6 டீசல் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டியில் கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது, சாம்பல் குறைவாக விடும் வகை ஆயிலாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: கார் ஆயில் மிச்சம் இருந்ததால் பைக்கில் ஊற்றினேன். கியர் மாற்றும்போது கிளட்ச் வழுக்குகிறது. கிரேடு ஒன்றுதானே?
– வாசகர், திருப்பூர்

பதில்: கிரேடு ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான் கிளட்ச் தகடுகளின் பிடியையும் குறைத்துவிடுகிறது. அதோடு கியர்ப் பற்கள் ஆயிலின் பாலிமரை அறுத்துத்தள்ளுவதால், காரில் நெடுநாள் தாங்கும் ஆயில் பைக்கில் விரைவில் இளகிவிடும். டப்பாவில் ஜேசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே எம்.பி. வகை போதும்.

கேள்வி: ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் கருத்துவிட்டது. விரலில் தொட்டால் பிசுக்கே இல்லை. பாகுநிலை போய்விட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறம் பாகுநிலையைக் காட்டாது. டீசல் வண்டியில் கரியைத் தன்னுள் மிதக்க வைத்து வெளியே கொண்டுவருவதே ஆயிலின் கடமை. கருத்தால் அது கடமையைச் செய்கிறது. விரலாலும் அளக்க முடியாது, ஏனெனில் சூடான ஆயில் எதுவும் விரலுக்குத் தண்ணீராகவே தோன்றும். பெட்ரோல் நெடி வீசுகிறதா, அளவு கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் 1985 மாடல் அம்பாசடர் காரை ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மூடியே நிற்கும். இருப்பதில் சிறந்ததை ஊற்ற வேண்டும் என்று 0டபிள்யூ-20 சிந்தெடிக் வாங்கிவைத்திருக்கிறேன். ஊற்றலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் அன்பு விளங்குகிறது, அந்த டப்பாவை மட்டும் திறக்க வேண்டாம். முதல் பதிலில் கோவை மெக்கானிக் சொன்ன அறிவுரை இந்த வண்டிக்கே உரியது. தாராளமான இடைவெளியுடன் அமைத்த இந்த என்ஜினில் அவ்வளவு மெல்லிய ஆயில் ஊற்றினால், சூடேறியதும் ஐடிலில் பிரஷர் விழுந்துவிடும். பழைய சீல்கள் வழியாகக் கசியவும் கசியும். 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே போதுமானது.

இதில் பாகுநிலையைவிட நான் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. கேம் ஷாஃப்டின் முனை, வால்வைத் தள்ளிவிடும் டாப்பெட்டின் தட்டையான முகத்தில் உரசிச் செல்லும் அமைப்பு இது. அந்தச் சிறு தொடுபரப்பில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் எந்தக் கிரேடு ஆயிலும் முழுப் படலத்தை அங்கே நிறுத்த முடியாது. உலோகத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம் அதன் மேல் உருவாக்கும் மெல்லிய பூச்சுத்தான். புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், இன்றைய மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் காரில் கேட்டலிஸ்ட் கிடையாது. துத்தநாகச் சேர்மம் தாராளமாக உள்ள, பழைய வண்டிகளுக்கான ஆயிலாகக் கேட்டு வாங்குங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஐந்தைந்து நொடியாக இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தால், வறண்டு கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.